முன்னே வந்தவர்களா, பின்னே வந்தவர்களா?

வான்கூவர்க்காரரான பாட்ரிக் மெக்கீர் ஒரே ஆயுளில் மூன்று பேருடைய வாழ்க்கையை வாழ்ந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடினார். 1962 முதல் 1986 வரை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். நடுவில் கல்வி அமைச்சர் பதவியும் வகித்தார். மனைவி எடித்துடன் சேர்ந்து மூளை ஆராய்ச்சிக்கூடம் நடத்தியது மூன்றாவது வாழ்க்கை. அரசியலை விட்டு இரண்டு வருடம் கழித்து, 1988இல், அந்தக் கூடத்திலிருந்து ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. பார்க்கின்சன் நோயைப் பற்றிய ஆராய்ச்சி இன்று நோயெதிர்ப்புச் செல்களின் பக்கம் திரும்பியிருப்பதற்கு விதை அதுதான்.

மெக்கீர் குழுவினர் செய்தது எளிமையான காரியம். பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, ஹெச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும்படி சாயம் போட்டார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தில் சில செல்கள் தாம் விழுங்கியதைச் சிறு துண்டுகளாக்கி, 'இதைப் பார்' என்று டி செல்களிடம் நீட்டும். அப்படி ஏந்திப் பிடிக்கும் தட்டுதான் ஹெச்எல்ஏ-டிஆர். ஓய்வாக இருக்கும் செல் இந்தத் தட்டை அதிகம் வெளியே எடுக்காது. ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளைச் சீவல்களில் தட்டை வெளியே எடுத்த செல்கள் கும்பல் கும்பலாகத் தெரிந்தன. அவை மைக்ரோக்ளியா, அதாவது மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்.

அவை கூடியிருந்த இடத்துக்கு சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். கரும்பகுதி என்று வைத்துக்கொள்வோம். இறந்தவரின் நடுமூளையைக் குறுக்கே வெட்டினால், நுண்ணோக்கி இல்லாமலே இருபுறமும் ஒரு கருப்புக் கோடு தெரியும். அங்குள்ள நியூரான்களில் நியூரோமெலனின் என்ற கருநிறமி சேர்வதால் வரும் கருமை அது. இந்த நியூரான்கள் சில லட்சம் மட்டுமே. பல ஆயிரம் கோடி நியூரான்கள் உள்ள மூளையில் இது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனாலும் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனை மூளையின் உட்பகுதிக்கு அனுப்புவது இவைதான். பார்க்கின்சன் நோய் முற்றியவர்களிடம் அந்தக் கோடு வெளிறிப்போயிருக்கும். கை நடுங்குவதும், உடம்பு விறைப்பதும், நடை சுருங்குவதும், முகத்தில் பாவம் மறைவதும் இந்த வெளிறலின் விளைவுகள். நுண்ணோக்கியில் இன்னொன்றும் தெரியும். செத்த நியூரானிலிருந்து கொட்டிய கருநிறமித் துகள்களை மைக்ரோக்ளியாக்கள் விழுங்கி, வயிற்றில் கரும்புள்ளிகளோடு உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கரும்புள்ளிகளே மெக்கீருக்கு எதிரான வாதமாகவும் ஆயின. செல்கள் செத்தால் அள்ளிப்போட யாராவது வரத்தானே வேண்டும்? மைக்ரோக்ளியாவின் வேலையே அதுதான். துக்க வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கூட்டம் வந்ததால்தான் சாவு விழுந்தது என்று சொல்லலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேட ஆய்வாளர்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இறந்தவரின் மூளை ஒரே ஒரு கணத்தைத்தான் காட்டும். எது முன்னே, எது பின்னே என்று அது சொல்லாது.

இந்தச் சிக்கலை வைத்துப் பார்த்தால் 1919ஆம் வருடம் எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. அந்த வருடம்தான் பாரிஸில் கான்ஸ்டன்டின் ட்ரெட்யாகோஃப் என்ற மாணவர், பார்க்கின்சன் நோயில் அழிவது இந்தக் கரும்பகுதிதான் என்று தம் ஆய்வேட்டில் எழுதினார். அதே வருடம் மாட்ரிட்டில் பியோ டெல் ரியோ ஹோர்தேகா, வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றும் தம் முறையால் மைக்ரோக்ளியாவைத் தனி இனச் செல்லாகப் பிரித்துக் காட்டினார். ஒருவர் செத்ததைக் கண்டார், மற்றவர் அதைத் தின்பதைக் கண்டார். இரண்டும் ஒரே சீவலில் சேர்ந்து பேசப்பட 69 வருடம் பிடித்தது. மூளை நோயெதிர்ப்பு மண்டலத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் சலுகை பெற்ற உறுப்பு என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. பாடப்புத்தகங்கள் அதை அப்படியே சொல்லிக்கொடுத்தன.

வரிசையைப் பற்றிய முதல் உறுதியான தடயம் ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1982இல் கலிபோர்னியாவில், ஹெராயினுக்குப் பதிலாக விற்கப்பட்ட செயற்கைப் போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களில் சிலைபோல உறைந்துபோனார்கள். பேச முடியவில்லை, நகர முடியவில்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளின் அதே நிலை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். தயாரிப்பில் நேர்ந்த பிசகால் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது மூளைக்குள் போய் உருமாறி, டோபமைன் நியூரான்களுக்குள் மட்டும் புகுந்து, அவற்றின் ஆற்றல் உற்பத்தியை முடக்கிவிடும்.

பொதுவாக இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். சோதனைச்சாலைகளுக்கு பார்க்கின்சன் நோயை விலங்குகளில் உண்டாக்க ஒரு மருந்து கிடைத்தது என்பார்கள். அதைவிட முக்கியமானது பிற்பாடு நடந்தது. அந்த இளைஞர்களில் மூவர் பின்னாளில் இறந்தபோது லாங்ஸ்டன் குழு அவர்களுடைய மூளையை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டது. விஷம் உள்ளே போனதற்கும் மரணத்துக்கும் நடுவே 3 முதல் 16 வருடம் இடைவெளி. விஷம் போன சுவடே இருக்கக் கூடாது. ஆனால் கரும்பகுதியில் மைக்ரோக்ளியாக்கள் கிளர்ச்சியோடு மிச்ச நியூரான்களைச் சுற்றிக் குழுமியிருந்தன. நியூரான்கள் அப்போதும் செத்துக்கொண்டிருந்தன. சாவுக்குப் பின் துப்புரவு செய்ய வந்தவை என்றால், பத்து வருடம் கழித்து அங்கே அவற்றுக்கு என்ன வேலை? தொடங்கி வைத்தது விஷம். நடத்திக்கொண்டிருந்தது வேறு ஏதோ.

இதை வைத்து மைக்ரோக்ளியாவை வில்லனாக்கிவிடுவது எளிது. பல நூல்கள் அதைச் செய்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் செல்களின் பூர்வீகமே விசித்திரமானது. கரு உருவாகும் தொடக்க வாரங்களில் மஞ்சட்கருப்பையில் பிறந்து, மூளை உருவாகும்போதே அதற்குள் குடியேறி, வெளியிலிருந்து ஆள் சேர்க்காமல் தாங்களே பெருகிக்கொள்பவை. நரம்புச் சந்திகளைக் கத்தரித்துச் சீராக்குவதிலிருந்து கழிவை அகற்றுவதுவரை மூளையின் அன்றாடப் பராமரிப்பு அவற்றின் கையில் இருக்கிறது.

பார்க்கின்சன் நோயில் அவற்றுக்கு வந்து சேரும் சுமை ஆல்ஃபா-சினியூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் இது. நரம்பு முனைகளில் இயல்பாகவே நிறைய உண்டு. 1997இல் இதன் மரபணுவில் ஒரு பிழை இருந்தால் பரம்பரையாகப் பார்க்கின்சன் வருவது இத்தாலியக் குடும்பம் ஒன்றில் தெரியவந்தது. அதே வருடம், நோயாளிகளின் நியூரான்களுக்குள் காணப்படும் லூயி உருண்டைகள் இந்தப் புரதம் திரண்டு கட்டியானவைதான் என்றும் நிரூபணமானது. கட்டியான புரதம் ஒரு செல்லிலிருந்து கசிந்து அடுத்த செல்லுக்குப் போய் அங்குள்ள நல்ல புரதத்தையும் கெடுக்கும். இப்படி வெளியே கசிவதை மைக்ரோக்ளியா விழுங்குகிறது.

ஜெர்மனியின் பான் நகரில் மிக்கேல் ஹெனெகாவின் குழு 2021இல் இந்தக் காட்சியை அருகிலிருந்து பார்த்தது. ஆல்ஃபா-சினியூக்ளின் நாரிழைகளை அளவுக்கு மேல் விழுங்கித் திணறும் ஒரு மைக்ரோக்ளியா, பக்கத்துச் செல்லை நோக்கி மெல்லிய குழாய் ஒன்றை நீட்டுகிறது. குழாய் வழியாகச் சுமையின் ஒரு பங்கு அங்கே போகிறது. எதிர்த்திசையில், நல்ல நிலையிலுள்ள செல் தன் மைட்டோகாண்ட்ரியாக்களைத் திணறும் செல்லுக்கு அனுப்பிவைக்கிறது. பல செல்கள் இப்படிக் கைகோத்து, ஒன்றால் முடியாததைச் சேர்ந்து செரிக்கின்றன. பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 மரபணுப் பிழை உள்ள செல்களில் இந்தப் பகிர்வு சரியாக நடக்கவில்லை. செரிக்க முடியாத மைக்ரோக்ளியா எரிச்சலடைகிறது. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் பொருள்களைக் கக்குகிறது. அவை அருகிலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களையும் கெடுத்து, நியூரான்களைப் போஷிக்க வேண்டியவற்றை நியூரான்களைக் கொல்பவையாக மாற்றுகின்றன.

இதுவரை சொன்னது மூளைக்குள் இருப்பவர்களின் கதை. வெளியாட்களின் கதை அதைவிடச் சுவையானது.

டி செல்கள் ரத்தத்தில் சுற்றுபவை. ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட புரதத்துண்டை மட்டும் அடையாளம் காணும்; அதை யாராவது தட்டில் வைத்து நீட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பகுதிக்குள் டி செல்கள் நுழைந்திருப்பதைக் காட்டினார்கள். அதோடு நிற்காமல், டி செல்களே இல்லாத எலிகளுக்கு எம்பிடிபி கொடுத்தார்கள். விஷம் அதேதான், ஆனால் நியூரான்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. எலிகளில் குற்றம் சிடி4 வகை டி செல்களின் தலையில் விழுந்தது. மனித மூளையிலோ சிடி8 வகையும் தாராளமாக இருந்தது. எலிக்கும் மனிதனுக்கும் நடுவிலுள்ள இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் பிறகு மருந்துச் சோதனைகளில் அடிபட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்த டி செல்கள் எதைத் தேடி வந்தன? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சல்சர் இதைக் கையில் எடுத்தார். (இவரும் மெக்கீர்போல ஒரு ஆளுக்குள் பல ஆள். டேவ் சோல்ஜர் என்ற பெயரில் இசையமைப்பவர். தாய்லாந்தில் யானைகள் வாத்தியம் வாசிக்கும் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.) டோபமைன் நியூரான்கள் நெருக்கடியில் தாங்களே புரதத்துண்டுகளைத் தட்டில் ஏந்தி வெளியே காட்டுகின்றன என்று 2014இல் அவர் குழு கண்டிருந்தது. அப்படிக் காட்டும் நியூரானை சிடி8 டி செல் கொல்ல முடியும்.

அடுத்து, கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் அலெஸ்ஸாண்ட்ரோ செட்டேயோடு சேர்ந்து சல்சர் ஒரு சோதனை செய்தார். 67 நோயாளிகளிடமும் நோயில்லாத 36 பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆல்ஃபா-சினியூக்ளினை ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாகச் செயற்கையாகத் தயாரித்து, ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களோடு கலந்து வளர்த்தார்கள். பிறகு அந்தச் செல்களைக் குழிகள் நிறைந்த தட்டில் இட்டார்கள். தனக்குரிய துண்டைக் கண்ட டி செல், சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் பொருளை விடும். தட்டின் அடியில் அது ஒரு புள்ளியாகத் தங்கும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேரிடம் புள்ளிகள் தெளிவாக விழுந்தன. 2017இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டபோது, பார்க்கின்சன் ஒரு தன்னெதிர்ப்பு நோய் என்று தலைப்புச் செய்திகள் கிளம்பின. நாற்பது சதவீதத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீதி அறுபது சதவீதத்துக்கு என்ன பதில்? பார்க்கின்சன் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல வழிகளில் வந்து ஒரே இடத்தில் முடியும் நோய்களின் தொகுப்பு என்பதே எனக்குப் படுகிறது.

ஆனால் அறுபது சதவீதத்தில் ஒரு பங்குக்கு அதே குழு 2020இல் வேறு விளக்கம் கொடுத்தது. டி செல்களின் எதிர்வினை நோய் கண்டுபிடித்த புதிதில்தான் அதிகம். வருடங்கள் போகப் போகக் குறைகிறது. வேறு காரணத்துக்காக முன்பே பலமுறை ரத்தம் கொடுத்து, அது பத்திரமாக உறையவைக்கப்பட்டிருந்த ஒருவர், பிற்பாடு பார்க்கின்சன் நோயாளியானார். அவருடைய பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், நோய் தெரியவருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஆல்ஃபா-சினியூக்ளினைத் தேடும் டி செல்கள் அதில் இருந்தன. ஒரே ஒருவர்தான். ஆனாலும் துக்க வீட்டுக் கேள்விக்கு இப்படி நேராகப் பதில் சொன்ன தடயம் அதற்கு முன் இருந்ததில்லை.

அதே வருடம் பார்சலோனாவிலிருந்து இன்னொன்று வந்தது. வேறு காரணத்தால் இறந்தவர்களின் மூளையை ஆராயும்போது சிலருக்கு மூளைத்தண்டின் அடிப்பகுதியில் மட்டும் லூயி உருண்டைகள் இருக்கும். உயிரோடிருந்தபோது நடுக்கம் ஏதும் இருந்திருக்காது. நோய் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்கியிருக்கும். அத்தகையவர்களின் கரும்பகுதியை எடுத்துப் பார்த்தார்கள். நியூரான்கள் குறையவில்லை. ஆல்ஃபா-சினியூக்ளின் அங்கு இன்னும் திரளவில்லை. ஆனால் சிடி8 டி செல்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன, கொல்வதற்கான நொதிகளோடு.

மரபணுக்களும் இதே பக்கம் சாய்கின்றன. 2010இல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, முதுமையில் வரும் பார்க்கின்சனோடு ஹெச்எல்ஏ பகுதிக்குத் தொடர்பிருப்பதைக் காட்டியது. மெக்கீர் சாயமேற்றிய அதே தட்டைத் தயாரிக்கும் பகுதி. மேலே சொன்ன எல்ஆர்ஆர்கே2 இன்னும் சுவாரசியம். பார்க்கின்சன் மரபணு என்று பெயர் வாங்கிய இது, மோனோசைட், நியூட்ரோஃபில் போன்ற வெள்ளையணுக்களில் மும்முரமாக வேலை செய்கிறது. இதன் சில வடிவங்களுக்கு கிரோன் என்ற குடல் அழற்சியோடும், தொழுநோயோடும் தொடர்பு உண்டு. நரம்பியல் நிபுணர், குடல் நிபுணர், தோல் நிபுணர் மூவரும் ஒரே மரபணுவை மூன்று வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குடல் தற்செயலாக இங்கே வந்து சேரவில்லை. நடுக்கம் வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே மலச்சிக்கல் வருவது நோயாளிகள் பலரின் அனுபவம். அமெரிக்காவில் காப்பீட்டுப் பதிவேடுகளை அலசிய 2018 ஆய்வு, குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது மற்றவர்களைவிட 28 சதவீதம் அதிகம் என்றது. அவர்களிலேயே டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவு. இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. அந்த மருந்துகள் பெரிய மூலக்கூறுகள். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அவை சுலபமாகத் தாண்டுவதில்லை. பாதுகாப்பு உண்மையென்றால் அது மூளைக்கு வெளியே நடந்திருக்க வேண்டும். பதிவேடுகளில் தெரியும் தொடர்பு காரணமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிக்கடி இபுப்ரோஃபென் எடுப்பவர்களுக்கு நோய் குறைவு என்று 2011இல் வந்த செய்தியும் இந்த ரகம். வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் தரக்கூடிய அந்த மாத்திரையை இதற்காக யாரும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

இவ்வளவு தெரிந்தும் மருந்து ஏன் வரவில்லை? வராமலில்லை, வந்து தோற்றிருக்கின்றன. எலிகளின் மூளையில் அழற்சியைத் தணித்த பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து 2015இல் நோயாளிகளிடம் பலிக்கவில்லை. மைக்ரோக்ளியாவை அமைதிப்படுத்தும் என்று எதிர்பார்த்த எக்ஸெனடைட், 2017இல் சிறிய சோதனையில் நம்பிக்கை தந்தது. 194 பேரை 96 வாரம் கவனித்த பெரிய சோதனை 2025இல் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. இந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே நோயாளிகள். கை நடுங்கி மருத்துவரிடம் வரும் நாளிலேயே கரும்பகுதியில் பெரும் பங்கு போயிருக்கும். டி செல்களின் ஆவேசமும் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். சண்டை ஓய்ந்த பிறகு சமாதானம் பேசப் போனதுபோலத்தான்.

கேம்பிரிட்ஜில் கரோலின் வில்லியம்ஸ்-கிரே தலைமையில் நடந்த சோதனை இதை உணர்ந்து வடிவமைக்கப்பட்டது. சிறுநீரக மாற்று சிகிச்சையிலும் மூட்டுவாதத்திலும் பல பத்தாண்டுகளாகப் பழகிய, விலை மலிவான அசதயோபிரின் மாத்திரையை, நோய் தொடங்கி அதிக நாள் ஆகாத, ஆனால் வேகமாக முற்றும் அபாயமுள்ளவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்ப்பது திட்டம். நெப்ராஸ்காவில் ஹோவர்ட் ஜெண்டல்மன் வேறு வழியில் போகிறார். மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்களை சார்கிராமோஸ்டிம் என்ற மருந்தால் பெருக்கி, படையை அழிக்காமல் அடக்கப் பார்க்கிறார்.

இன்னும் முன்னே போக வேண்டுமென்றால் ஒரு வாசல் இருக்கிறது. தூக்கத்தில் கனவு காணும்போது நம் தசைகள் தளர்ந்து முடங்கிக் கிடக்கும். சிலருக்கு அது நடக்காது. கனவில் யாரையாவது அடித்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடி விழும். பல மையங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களில் 12 வருடத்துக்குள் சுமார் 74 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவு நோய்களோ வந்தன. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இத்தகையவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, நடுக்கம் எதுவும் இல்லாத நிலையிலேயே கரும்பகுதியில் மைக்ரோக்ளியாவின் கிளர்ச்சி தெரிந்தது. டோபமைன் குறைவும் கூடவே தொடங்கியிருந்தது. ஆகவே முன்னே பின்னே என்ற வழக்கு இங்கும் முழுதாகத் தீரவில்லை.

மருந்தை இவர்களிடம் சோதிப்பதுதான் பொருத்தம். அதில் வரும் சங்கடமும் பெரிது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை வருடக்கணக்கில் கொடுத்தால் தொற்றும், சில வகைப் புற்றுநோய்களும் எளிதில் வரும். தூக்கத்தில் கையை வீசுவதைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாத ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் அதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நாலில் ஒருவருக்குப் பன்னிரண்டு வருடத்திலும் நோய் வரப்போவதில்லை. அந்த ஒருவர் யாரென்று மருந்தைத் தொடங்குமுன் பிரித்துச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். செட்டேயின் தட்டில் விழுந்த புள்ளிகள் இன்னும் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.